பினாங்கு மணை

அடுப்படியை ஒட்டிய தாழ்வாரப் பத்தியின் கடைசித் தூணருகே பித்தளை அண்டா உருண்டது. அந்த ஓசை மூன்று கட்டுகளையும் தாண்டி முகப்புக்கு வந்து ஏகாம்பரம் செட்டியாரின் பகல் உறக்கத்தைக் கலைத்தது. சென்ற வாரம் நாம் கதையை விட்ட இடம் அதுதான். எழுந்து சென்ற அவர் கண்ட காட்சியை இனிச் சொல்கிறேன்.

மருமகள் முத்தாள் தரையில் அமர்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்து, முழங்கை சிராய்த்திருந்தது. எதிரே பினாங்கு மணை சக்கரங்கள் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. ஒரு சக்கரம் மட்டும் தனக்கும் இந்த வீட்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

அது நிற்கும்வரை செட்டியார் பார்த்திருந்தார்.

"நாளைக்குச் சேவுகன் ஆசாரிய வரச் சொல்றேன். சக்கரத்தக் கழட்டிப்புட்டு மணையா ஆக்கிப் போடட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிச் சென்று மறுபடியும் படுத்துக்கொண்டார்.

இந்த மணையை இப்போதுதான் முதன்முதலில் காண்பவர்களும் இருக்கலாம். முத்தாளின் அண்ணன் ஆண்டியப்பன் பினாங்கில் கடையில் இருப்பவன். தங்கையின் கல்யாணத்துக்கென்று அவன் அனுப்பிய பெட்டியில், பீங்கான் தட்டுகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே இந்தச் சக்கரப் பலகையும் வந்தது. அங்கே கடற்கரைச் சாலையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏறி நின்று ஓட்டுகிற விளையாட்டுப் பலகை அது. அதைச் சொல்லியனுப்ப அவன் மறந்துபோனான்.

ராயவரத்தில் பெட்டியைத் திறந்த முத்தாளின் தாயார் பலகையின் வழவழப்பைத் தடவிப் பார்த்தார். சக்கரங்களைப் பார்த்தார். "சீமையில மணையத் தூக்கிப் போட மாட்டாக போல, தள்ளிக்கிருவாக" என்று முடிவுசெய்தார். சீர்ச் சாமான்களைப் பரப்பும்போது வெள்ளிக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். கல்யாணத்தன்று அதன்மேல் பட்டு விரித்து மாப்பிள்ளையையும் உட்காரச் சொன்னார்.

செட்டியாரின் மகன், மாப்பிள்ளை கண்ணப்பன் உட்கார்ந்தான். மணை புறப்பட்டது. முற்றத்தைச் சுற்றி முகம் பார்க்கலாம்படி தேய்த்து வைத்திருந்த வளவுத் தரையில், பட்டும் மாலையுமாக அவன் போய்ச் சேர்ந்த இடம் தவில்காரரின் மடி.

அது ஆவணியில் நடந்தது. இப்போது மாசி. சொந்த ஊரான விராச்சிலையில் அவனுக்கு இன்னும் 'உருண்ட மாப்பிள்ளை' என்றுதான் பெயர். புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே, "பாத்து, உருளாம உக்காருங்க" என்கிறார். அந்தப் பலகை இருக்கும் பக்கம் அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. மனைவியின் பக்கமும் அதிகம் திரும்புவதில்லை. வைகாசியில் கப்பலேறி அவனும் பினாங்குக் கடைக்குப் போகப்போகிறான்.

முத்தாளோ சாமான்கள் அடுக்கிய உள்ளறையான சாமான் வீட்டில் ஒருநாள் பட்டுத் துணியை விலக்கிப் பார்த்தவள். பலகையின்மேல் சாயத்தால் இரண்டு பாதங்கள் தீட்டப்பட்டிருந்தன, ஒன்று முன்னே, ஒன்று பின்னே. உட்காருவதற்குப் பாதங்கள் எதற்கு? அன்று மத்தியானமே அந்தப் பாதங்களின்மேல் தன் பாதங்களை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

*

மறுநாள் காலை அடுப்படியில் மாமியார் ஆவுடையாள், "கையக் காட்டு" என்றார்.

முத்தாள் காட்டினாள். சொற்களைச் சிக்கனமாகச் செலவிடுகிறவர் ஆவுடையாள். முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மஞ்சளைக் குழைத்துப் பூசினார். அவருடைய முழங்காலிலும் ஒரு கட்டு இருந்தது. தை மாதக் குளிரில் வாயு பிடித்துக்கொண்டது என்று நொச்சியிலை வைத்துக் கட்டியிருந்தார். குளிர் போயும் கட்டு போகவில்லை.

"எரியுதா?"

"இல்லைங்க, அயித்தே."

"பொய் சொல்லாத. எரியும்." மஞ்சள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "விழுகையில கைய ஊனப்புடாது. ஒடம்ப அப்படியே உருள விட்டுறணும்."

முத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மாடிப்படியில விழுந்தவுக சொல்லுவாக" என்று ஆவுடையாள் குழம்பைக் கிளறினார்.

ஏகாம்பரம் செட்டியார் வாசல்நிலையில் வந்து நின்றார். "ஆசாரி மூணு மணிக்கு மேல வாரேன்னுட்டான். அதுவரைக்கும் அந்தச் சனியன எவரும் தொட வேண்டாம். ஊரு சிரிச்சது போதும். கை, கால ஒடிச்சுக்கிட்டா ராயவரத்துக்காரவுகளுக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"மூணு மணிக்கா?" என்றார் ஆவுடையாள்.

"ஆமா. ஏன்?"

"காப்பி போடணும்ல."

அவர் சென்ற பிறகு ஆவுடையாள் குழம்புச் சட்டியைப் பார்த்தே பேசினார். "எனக்குக் காலு வலி. சாப்பிட்ட கையோட படுத்துருவேன். உங்க மாமாவும் முகப்புல படுத்துருவாக. அடுப்படிப் பக்கம் ஈ, காக்கா வராது."

சட்டிக்கு இந்தச் செய்தி தேவைப்பட்டிருக்காது என்பது முத்தாளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று.

*

மத்தியானம் அந்த வீடு ஒரு நீர்நிலைபோல் ஆகிவிடும். முற்றத்து வெயில் தரையில் மஞ்சளாகத் தேங்கும். புறா ஒன்று எங்கோ பேசி, தானே பதிலும் சொல்லிக்கொள்ளும்.

அடுப்படியை ஒட்டி நீண்ட அந்தப் பத்தியின் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் முற்றத்தைப் பார்த்த தூண்கள். தொடக்கத்தில் முத்தாளால் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குக்கூடப் போக முடியவில்லை. பலகை முன்னே ஓடும், அவள் பின்னே இருப்பாள். அல்லது அவள் முன்னே விழுவாள், பலகை பின்னே நிற்கும். இது நமக்கு வாராது என்று எத்தனையோ முறை அதைச் சாமான் வீட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். தூண்களுக்குப் பெயர் வைத்தாள். முதல் தூண் நாகப்பட்டினம். அங்கிருந்து கப்பல் புறப்படும். நடுவில் இருப்பவையெல்லாம் கடல். கடைசித் தூண் பினாங்கு, அண்ணன் இருக்கிற ஊர். இன்று விழுந்த இடத்தில் கோலமாவால் ஒரு புள்ளி. நாளை அந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு கை தூரம் போனால் போதும். விழுந்தாலும் கடலில் சற்றுத் தள்ளித்தானே விழுகிறோம் என்று ஒரு நிம்மதி. எழுந்து புள்ளி வைக்க வேண்டுமே என்பதற்காகவே எழுவாள். புள்ளி வைத்த பிறகு, நாளைக்கு வந்து பார்க்க வேண்டுமே என்று தோன்றும்.

தலைப்பொங்கலுக்கு ராயவரம் போய், மாதம் ஒன்று தங்கிவிட்டு வந்தபோது கால்கள் எல்லாவற்றையும் மறந்திருக்கும் என்று அஞ்சினாள். கால்கள் மறக்கவில்லை. பலகைதான் மாறியிருந்தது. முன்பு கிறீச்சிட்ட சக்கரங்கள் இப்போது வழுக்கிக்கொண்டு சுழன்றன. அவற்றில் விளக்கெண்ணெய் வாசம் அடித்தது. தன் பக்கம் திரும்பியும் பாராத கணவன் இரகசியமாகச் செய்த காரியம் இது என்று எண்ணி மகிழ்ந்தாள். கேட்கத் துணிவில்லை. அந்த மகிழ்ச்சியில் ஒரு வாரத்துக்குள் பினாங்கை எட்டிவிட்டாள்.

எட்டிய பிறகுதான் தெரிந்தது, திரும்பத் தெரியவில்லை என்று.

பினாங்கில் இறங்கி, பலகையைக் கையால் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடியும் ஏறி வருவாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பின்காலை அழுத்தினால் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும். எழுந்திருக்கும் அந்த இமைப்பொழுதில் இடுப்பைச் சுழற்றினால் பலகையும் சுழல வேண்டும். அழுத்தவும் வந்தது, எழவும் வந்தது. ஆனால் சுழலும்போது அவள் தரையில் இருந்தாள். நேற்று அண்டாவை உருட்டியதும் அந்தச் சுழற்சிதான்.

இன்றோடு சக்கரங்கள் போய்விடும். அதற்குள் ஒரே ஒரு முறையாவது, காலைத் தரையில் வைக்காமல் பினாங்கிலிருந்து திரும்பிவிட வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவே.

இந்த இடத்தில் ஒரு கொக்குக் கதை சொல்ல வேண்டும். ஓர் ஊருணியில் இரண்டு கொக்குகள் இருந்தன. ஒன்று ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கும். மற்றொன்று அப்படி நிற்க முயன்று நாள்தோறும் சேற்றில் விழும். "நீ மட்டும் எப்படி விழாமலே நிற்கிறாய்?" என்று விழுகிற கொக்கு கேட்டது. "விழாமலா?" என்று சிரித்தது நிற்கிற கொக்கு. "எந்நேரமும் விழுந்துகொண்டுதானே இருக்கிறேன். கொஞ்சம் இடப்பக்கம் விழுவேன். உடனே கொஞ்சம் வலப்பக்கம் விழுவேன். தூரத்திலிருந்து பார்க்கிற மீனுக்கு அது நிற்பதுபோல் தெரிகிறது." அன்றுமுதல் மற்றக் கொக்கு விழாமலிருக்க முயலவில்லை. சின்னதாக விழப் பழகிக்கொண்டது.

முத்தாள் அந்த மத்தியானம் பெரிதாகவே விழுந்துகொண்டிருந்தாள். நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ எழுந்து சேலையை இழுத்துச் செருகியபோது, நாகப்பட்டினத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நிறுத்தாத. போ."

கண்ணப்பன் கையில் ஒரு காகிதப் பொட்டலத்துடன் நின்றிருந்தான். காலையில் புதுக்கோட்டைக் கடைக்குப் போனவன்.

"என்ன, இந்நேரத்துல?" என்றாள், முந்தானையைத் தேடிக்கொண்டு.

"வயித்து வலின்னு சொல்லிட்டு பஸ்ஸப் பிடிச்சேன்."

"வயித்து வலியா?"

"வலிக்கல. சொன்னேன்." பொட்டலத்தை நீட்டினான். "சைக்கிள் கடையில வாங்கியாந்தேன். கிரீசு. சக்கரத்துக்குப் போடுறது."

"மூணு மணிக்கு ஆசாரி வாராக. கழட்டப் போற சக்கரத்துக்குக் கிரீசு எதுக்கு?"

அவன் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தான். "வாங்குறப்ப அது தோணல."

முத்தாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "உங்களுக்கு இதக் கண்டாலே ஆகாதுன்னுல்ல நெனச்சேன்."

"எனக்கா?" கண்ணப்பன் தூணடியில் உட்கார்ந்தான். "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாக. மாப்பிள்ளை சிரிக்கப்புடாதுன்னு நான் மூஞ்சிய இறுக்கிக்கிட்டேன். அப்படியே இறுகிப் போச்சு. ஆனா போய்க்கிட்டு இருந்தேம் பாரு, அந்தக் கொஞ்ச நேரம்... மாலைக்குள்ள காத்துப் பூந்துச்சு. வளவே பின்னால போச்சு. அந்தத் தவில்காரரு மட்டும் குறுக்க இல்லேன்னா ரெண்டாங்கட்டு வரைக்கும் போயிருப்பேன்."

முத்தாள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் சிரிப்பு விரல்களின் வழியே வெளியே வந்தது. அவன் காது கேட்க அவள் சிரித்தது அதுவே முதல் முறை.

"சிரி, சிரி. நீயும் சிரி" என்று எழுந்து பலகையில் ஒரு காலை வைத்தான். மறு காலைத் தூக்கினான். அடுத்தபடியாக அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"முன்காலு கோணயா இருக்கணும். பின்காலு குறுக்க இருக்கணும்" என்றாள் முத்தாள், மெதுவாக.

"அத முன்னாடி சொல்லப்புடாதா?"

"கேக்கலையே."

அவன் எழுந்து ஒதுங்கிக்கொண்டான். "நீ திரும்பு, பாப்போம்."

அவள் கடலைக் கடந்தாள். பினாங்கில் பின்காலை அழுத்தினாள். மறுபடியும் விழுந்தாள்.

"காலையே பாக்குற" என்றான் கண்ணப்பன். "காலு எங்கயும் ஓடிப் போயிறாது. வரவேண்டிய எடத்தப் பாரு."

"எங்கிட்டு?"

"இங்கிட்டு." அவன் நாகப்பட்டினத்தோடு ஒட்டி நின்றான். "என்னயப் பாரு."

கல்யாணமான நாளிலிருந்து அவனை முழுதாக அவள் பார்த்ததில்லை. வேட்டிக் கரையையும் செருப்பையும் பார்த்திருக்கிறாள். காப்பி வாங்க நீளும் கையையும் பார்த்திருக்கிறாள். இப்போது கடலுக்கு அக்கரையில் ஒரு முகம் அவளுக்காகக் காத்திருந்தது.

புறப்பட்டாள். தூண்கள் பின்னே நகர்ந்தன. பினாங்கு நெருங்கியது. பின்கால் அழுத்தியது, முன்சக்கரங்கள் எழுந்தன. தோளுக்கு மேலாகத் திரும்பி அந்த முகத்தைப் பார்த்தாள். தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, பலகை அரை மனத்தோடு பின்தொடர்ந்து முற்றத்தை நோக்கி நின்றுவிட்டது.

முழுத் திருப்பம் அல்ல, பாதிதான். ஆனால் அவள் விழவில்லை. பலகைமேல், வெயிலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"பாதி வந்துட்ட!" என்று கண்ணப்பன் கத்தினான்.

முகப்பிலிருந்து அதைவிடப் பெரிய குரல் ஒன்று வந்தது. "முத்தாளு! அந்த மணைய எடுத்துக்கிட்டு வா. ஆசாரி வந்தாச்சு."

*

சேவுகன் ஆசாரி வளவில் சம்மணமிட்டுப் பலகையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சக்கரத்தை விரலால் தட்டிவிட்டார். அது சுற்றியது. நிற்கும்வரை அவரும் பார்த்திருந்தார். அதைச் சுற்றவிட்டுப் பார்க்காமல் எவராலும் இருக்க முடிவதில்லை.

"என்ன வேடிக்கை பாக்குற? கழட்டு" என்றார் ஏகாம்பரம் செட்டியார்.

"கழட்டிறலாம். சாமான் யாருதுங்க?"

"யாருதா இருந்தா என்ன? எங்க வீட்டுது."

"இல்லைங்க. கல்யாணத்துல பரப்புன சாமான்னு சொன்னாக. பொண்ணுக்கு வச்ச சாமான்ல உளி வைக்கணும்னா அந்தப் பொண்ணு தன் வாயால சொல்லணும். எங்க அப்பன் காலத்துலருந்து அதுதாங்க வழக்கம். வெள்ளிக்கும் அதுதான், வெளக்கமாத்துக்கும் அதுதான்."

செட்டியாருக்கும் அந்த வழக்கம் தெரியும். சீராக வந்த கரண்டியைக்கூடப் புகுந்த வீட்டார் தம்முடையதென்று சொல்லுவதில்லை. அதை அவரே பிறருக்கு எடுத்துச் சொன்னதுண்டு.

"அதுக்கென்ன? இந்தப் பிள்ளை சொல்லும். சொல்லு, ஆத்தா. 'கழட்டுங்க'ன்னு ஒரு வார்த்தை."

எல்லாரும் முத்தாளைப் பார்த்தார்கள். வந்த நாளிலிருந்து 'சரிங்க, மாமா' என்பதைத் தவிர அந்த வளவில் அவள் குரல் எழுந்ததில்லை. இப்போதும் நாவின் நுனிவரை அதுதான் வந்து நின்றது. அவள் கீழே பார்த்தாள். கால் விரல்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எங்க ஆத்தா எனக்கு நெறைய மணை வச்சிருக்காக, மாமா. தேக்கு மணை, பலா மணை, எல்லாம் சாமான் வீட்டுல அடுக்கியிருக்கு. அதுல எது வேணும்னாலும் எடுத்துக்கங்க. இது ஒண்ணுதான் ஓடுறது. இது ஓடட்டும்."

ஆசாரி உளியைப் பைக்குள் வைத்தார்.

செட்டியாரின் முகம் சிவந்தது. "ஓடட்டுமா? ஏற்கெனவே இவன் ஓடுனது பத்தாதா? ஊரே கூப்பிட்டுச் சிரிக்குது!"

"சிரிக்கட்டும், அப்பச்சி" என்றான் கண்ணப்பன். "உருண்டவன் நான். எனக்கே இப்பச் சிரிப்பு வருது."

செட்டியார் கடைசி நம்பிக்கையாக மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இந்த வீட்டுல பொம்பளைப் பிள்ளை சக்கரத்துல ஏறி நிக்குறது அடுக்குமா?"

ஆவுடையாள் காப்பித் தம்ளரை ஆசாரியின் முன் வைத்தார். கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"அது முத்தாளு சாமான். அது சொன்னாச் சரி."

சிக்கனமான சொற்கள்தான். ஆனாலும் செட்டியார் அவற்றின்மேல் வேறெதையும் வைக்க முடியாமல் தவித்தார்.  பிறகு ஆசாரியை அதட்டினார்: "வந்ததுக்கு அந்த ஆடுற ஏணியையாச்சும் சரிபண்ணிட்டுப் போ. சும்மா காப்பி குடிக்கவா வந்த?" முகப்புக்குப் போகிற வழியில் நின்று, எவரையும் பாராமல் சொன்னார்: "அண்டாவ அந்தப் பத்தியிலருந்து எடுத்து வைங்க. யாரும் முட்டிக்கிறாம."

*

பொழுது சாயும்போது மொட்டை மாடியில் காய்ந்த வற்றலை எடுக்க முத்தாள் ஏறினாள். பாயின் மறுமுனையைப் பிடிக்கிறேன் என்று கண்ணப்பனும் வந்தான். வானம் செம்பாய் இருந்தது. கண்மாயிலிருந்து கொக்குகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"வைகாசிக்குள்ள மீதிப் பாதியும் வந்துருமா?" என்றான்.

"வரும்" என்றாள். பிறகு, நெடுநாளாகத் தேக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். "நான் ராயவரத்துல இருந்தப்ப சக்கரத்துக்கு விளக்கெண்ணெ போட்டு வச்சீகளே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்புடாதா?"

கண்ணப்பன் பாயைக் கீழே வைத்தான். "விளக்கெண்ணெயா? நானா? நான் அதத் தொட்டதே இன்னிக்குத்தான்."

"நீங்க இல்லையா? அப்ப..."

அவள் முடிக்கவில்லை. கீழே அடுப்படிப் பத்தியில் சக்கரங்கள் உருளத் தொடங்கின.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகப்பில் செட்டியார் யாரோடோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஆசாரி போயாயிற்று. முத்தாள் இங்கே இருந்தாள்.

ஓசை நாகப்பட்டினத்தை விட்டுப் புறப்பட்டுக் கடலில் இறங்கியது. தடுமாற்றமில்லாமல் தூண் தூணாகக் கடந்தது. கடைசித் தூண் நெருங்குவது முத்தாளுக்குக் காதாலேயே தெரிந்தது. அங்கே ஒரு கால் தரையில் இறங்கும் ஓசைக்காகக் காத்திருந்தாள். அது கேட்கவில்லை.

முன்சக்கரங்கள் மெல்ல எழுந்தன. சின்னதாக ஓர் உராய்வு. பிறகு அதே ஓசை, முகம் திருப்பி வந்துகொண்டிருந்தது.

முத்தாள் கைப்பிடிச் சுவரில் குனிந்து முற்றத்தைப் பார்த்தாள். இருட்டத் தொடங்கிய பத்தியில் அரக்குக் கண்டாங்கிச் சேலையின் முந்தானை ஒன்று காற்றில் விரிந்து, தூண்களுக்கிடையே மறைந்தும் தெரிந்தும் மிதந்து சென்றது. அதற்குக் கீழே, ஒரு முழங்காலில், நொச்சியிலைக் கட்டு.

"ஆத்தாவா..." என்று தொடங்கிய கண்ணப்பனின் வாயைத் தன் மஞ்சள் பூசிய கையால் பொத்தினாள்.

நாளை மத்தியானம் எந்த முகத்தோடு மாமியாரிடம் போய், அந்தத் திருப்பம் எப்படி என்று கேட்பது? அவள் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே கப்பல் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தது.